பெரியப்பாவின் பலகை

1992 ஜூன் 20, சனிக்கிழமை. அப்பா காலை ஆறு மணிக்கே நஞ்சன்கூடு ஆலைக்கு முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். ஆறரைக்குப் பால் வந்தது. ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, அம்மா இரண்டு அண்டாவையும் நிரப்பினாள். எனக்குப் பள்ளி அரை நாள். புதுப் புத்தகங்கள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் என் பெயரையும் தேதியையும் எழுதினேன். அந்தக் கன்னடப் பாடநூல் இன்னும் என்னிடம் இருப்பதால் தேதியில் எனக்குச் சந்தேகமில்லை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் பிறகு வந்தது. ஆகவே மற்றதெல்லாம் நினைவிலிருந்து எழுதுவது.

அந்த வாரம் பெரியப்பா எங்கள் வீட்டில் இருந்தார். அவருடைய ஊர் கொள்ளேகால் பக்கம், மார்டள்ளியைத் தாண்டிக் காட்டோரம். இடது காது சில மாதங்களாகச் சரியாகக் கேட்கவில்லை என்று மைசூருக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்தார். பேசுகிறவர்கள் அவருடைய வலப்பக்கம் வந்து நின்று பேச வேண்டும். மறந்துபோய் இடப்பக்கம் நின்றால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், ஒன்றும் கேட்டிருக்காது.

அந்த வருடங்களில் அவர்கள் ஊர்ப்பக்கத்துக் காட்டில் போலீஸ் தேடுதல் நடந்துகொண்டிருந்தது. யாரைத் தேடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பெயரைச் சொல்லமாட்டார்கள். விடியும் முன் ஆட்களை நிறுத்தி விசாரிக்கிறார்கள் என்றும், கூப்பிட்டவுடன் நிற்காவிட்டால் ஆபத்து என்றும் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். பெரியப்பாவின் வயல் காட்டை ஒட்டியது. அவர் வயலுக்குப் போவதே விடியும் முன்தான்.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். மோட்டார், ரிலே, கம்பிச்சுருள் எல்லாம் அவருக்குப் பழக்கம். ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கிப் பயிற்சித் திடலில் நகரும் இலக்குகள் அமைக்கும் வேலை அவருக்கு அந்த வருடம் கிடைத்திருந்தது. காட்டுக்கு அனுப்பப்படும் ஆட்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள். லுங்கி கட்டி, தலையில் துண்டு கட்டிய உருவங்கள் வேண்டும் என்று அதிகாரி கேட்டிருந்தார். சில சுட வேண்டியவை, சில சுடக்கூடாதவை.

சித்தப்பாவுக்குப் படம் வரையத் தெரியாது. புதன்கிழமை சாயங்காலம் முற்றத்தில் ஒரு பிளைவுட் பலகையைச் சுவரோடு நிறுத்தி, அதன் முன்னால் பெரியப்பாவைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார். பெரியப்பா எப்போதும்போல் நீளக் குடையின் வளைந்த பிடியைச் சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டியிருந்தார். குடை முதுகில் தொங்கியது.

"என்னயெப் படம் புடிச்சு எங்கடா மாட்டப் போற?"

"திடல்லீங் அண்ணா. ஆடாம நில்லுங்க."

"சம்பளம் உண்டா?"

"உங்க பலகைக்கு மட்டும் தனிச் சம்பளம்ங்" என்றார் சித்தப்பா. அம்மா அடுப்படியிலிருந்து, "தம்பி, மூக்கெப் பாத்துப் போடுங்க, பலகெ பத்தாது" என்றாள். பெரியப்பாவின் வலது காது அவளுடைய பக்கம் இருந்தது. எல்லோரும் சிரித்தோம்.

ஒரே கோட்டை வைத்துச் சித்தப்பா இரண்டு பலகைகள் அறுத்தார். ஒன்றின் முதுகில் துப்பாக்கி, மற்றதில் குடை. இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே லுங்கி. அளவு எடுக்கும் வேலை மிச்சம் என்றார்.

வெள்ளிக்கிழமை பலகையை ஓடவைக்கும் பொறியை வீட்டு முற்றத்திலேயே சோதித்தார். முழங்கால் உயரத்தில் இரண்டு சிறு குழாய்கள், எதிரும் புதிருமாக. ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி புறப்பட்டு மற்றதில் போய்ச் சேரும். நடுவே யாருடைய காலாவது ஒளியை மறித்த கணமே ரிலே சொடுக்கும், மோட்டார் ஓடும், தண்டவாளத்தில் பலகை புறப்படும். முழங்கால் உயரம் எதற்கு என்று கேட்டேன். கீழே வைத்தால் கீரிப்பிள்ளைக்கெல்லாம் பலகை ஓடும் என்றார். நாய்க்கும் ஓடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு நாய் குறுக்கே போயிற்று. காயும் துணிகளுக்குப் பின்னாலிருந்து பெரியப்பா வழுக்கிக்கொண்டு வந்தார். நாய் கத்தித் தீர்த்தது. அசல் பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து, "பாத்தயா கண்ணு, நம்ம ஊரு நாயா இருந்தா வாலாட்டியிருக்கும்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா பெரியப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் சித்தப்பா என்னைத் திடலுக்குத் தன்னோடு கூட்டிப்போனார். எங்கும் ஓடமாட்டேன் என்று வழியெல்லாம் மூன்று தடவை சொல்லவைத்தார்.

கட்டுப்பாட்டு அறை தடித்த சுவருக்குப் பின்னால் இருந்தது. தடித்த கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். வெளியே புதர்களுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை, கடைசியில் உயரமான மண்மேடு. பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாதையில் நடந்து வருவார்கள். எங்கே ஒளி இருக்கிறது, எந்தப் புதரிலிருந்து எந்தப் பலகை வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. பலகை இரண்டு விநாடி கண்ணில் படும், பிறகு அடுத்த புதருக்குள் போய்விடும். பலகையின் பின்பக்கம் அதிர்வை உணரும் ஒரு கருவி இருந்தது. குண்டு பட்டால் பலகை அங்கேயே விழும், அறையில் மேசைமேல் பச்சை விளக்கு எரிந்து மணி அடிக்கும். எல்லாப் பலகைக்கும் அதே விளக்கு, அதே மணி.

விளக்குகளுக்குக் கீழே சித்தப்பா பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார். 'குடை' எது என்று பார்த்துவைத்துக்கொண்டேன். மணியும் பச்சை விளக்கும் நல்லதற்குத்தான் என்பது என் கணக்கு.

முதல் ஆள் வந்தான். மீசை சரியாக முளைக்காத முகம். அவன் கால் ஒளியை மறித்தது, குடைப் பலகை புறப்பட்டது, சத்தம் சுவரைத் தாண்டி என் நெஞ்சில் இடித்தது. பலகை விழுந்தது. மணி அடித்தது. நான் கை தட்டினேன். சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் ஆளுக்கும் அப்படியே. மூன்றாம் ஆளுக்கும். குடத்தோடு நின்ற பெண்ணின் பலகையை யாரும் சுடவில்லை. துப்பாக்கிப் பலகை இரண்டு தடவை தப்பித்துப் போயிற்று. குடைப் பலகை முதல் ஐந்து ஆட்களுக்கும் விழுந்தது. ஆறாவது ஆள் மட்டும் சுடவில்லை. அவன் அப்போது குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அதிகாரி விசில் ஊதி நிறுத்தினார். துப்பாக்கிகளை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு எல்லோரையும் குடைப் பலகையின் முன் வரிசையாக நிறுத்தினார். எங்களையும் வரச் சொன்னார். நல்ல மனிதர், எனக்கு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். பலகையில் இருந்த குடையை விரலால் தட்டி, "இது ஏனு?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"கொடெ சார்" என்றார்கள் எல்லோரும்.

"மத்தே யாக்கே ஹொடதெ?" பிறகு ஏன் சுட்டாய் என்று அவர் கேட்டது முதல் ஆளை.

அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நன்ன நோடி ஓடித சார்" என்றான். என்னைப் பார்த்து ஓடினான் சார்.

அதிகாரி பெருமூச்சு விட்டு, திங்கட்கிழமை எல்லாவற்றையும் மறுபடி நடத்தலாம் என்றார். அந்த ஆள் கால் வைத்ததால்தான் பலகை ஓடியது என்பது அங்கிருந்தவர்களில் சித்தப்பாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். கம்பி இழுத்தவர் அவர். ஆனால் அந்த ஆளின் முகத்தில் பொய் இல்லை. அவன் கண்ணுக்கு அது தன்னைக் கண்டு ஓடிய ஒருவன்தான்.

திரும்பி வரும்போது தூறல் போட்டது. சித்தப்பா ஸ்கூட்டரை நிறுத்தி, தன் மஞ்சள் மழைக்கோட்டை எனக்குப் போட்டுவிட்டார். என் கைகள் அதற்குள் காணாமல் போயின.

இரவு சாப்பாட்டுக்கு எல்லோரும் இருந்தோம். டாக்டர் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டாராம். இடது காது இனி இப்படித்தான். வலது காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாராம்.

"ஒண்ணு போனா என்ன? அதெத்தான் ஆண்டவன் ரெண்டாக் குடுத்திருக்கறான்" என்றார் பெரியப்பா.

அவருக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வலப்பக்கம் போய் உட்கார்ந்து உரக்கச் சொன்னேன்: "பெரீப்பா, உங்க பலகெதான் ஃபஸ்ட். ஒவ்வொரு தடவெயும் மணி அடிச்சுது."

"அப்படியா கண்ணு? எத்தனெ பேருல?"

"எல்லாத்துலயும். வந்த ஒடனே உளுந்துருச்சு."

பெரியப்பா சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். அம்மா என் தட்டில் யாரும் கேட்காத ரசத்தை ஊற்றினாள். சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் நெடுநேரம் கேட்டது. சம்பளம் தருவதாகச் சொன்னதை மறந்துவிட்டார், அதுதான் எழுந்து போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காபிக்கு முன்னால், விளக்கு போடுவதற்கும் முன்னால், முதலில் நடந்தது இது. பெரியப்பா கொள்ளேகால் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நின்றார். சித்தப்பா பின்னால் வந்து அவருடைய காலரிலிருந்து குடையைக் கழற்றினார். பெரியப்பா முதுகைத் தடவிப் பார்த்தார்.

"மளெ தூறுதுடா தம்பி. கொடெயக் குடு."

"கொடெ வேண்டாங்ண்ணா. இதெப் போட்டுக்கங்க." மஞ்சள் மழைக்கோட்டை நீட்டினார். அது இல்லாமல் சித்தப்பா திடலுக்கு நனைந்துகொண்டுதான் போக வேண்டும்.

"இதென்றா மஞ்சக் குளிச்ச பொம்பளெயாட்ட? ஊருல சிரிக்க மாட்டாங்களா?"

சித்தப்பா வலப்பக்கம் வந்து நின்றார். "சிரிக்கட்டும்ங்ண்ணா. மளெ இல்லீனாலும் போடுங்க. வயலுக்குப் போறப்பத் தெனமும் போடுங்க."

பெரியப்பா தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கைகளை நீட்டினார். சித்தப்பா குழந்தைக்குப் போடுவதுபோல் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றிலும் ஜெயித்தவருக்குப் பரிசு கொடுக்காமல், இருந்த குடையையும் பிடுங்கிக்கொண்டாரே என்று அன்று முழுவதும் சித்தப்பாவோடு பேசாமல் இருந்தேன்.

"அந்தக் கம்பம்வரெக்கும் நடங்ண்ணா" என்றார் சித்தப்பா.

பெரியப்பா தெருவைக் குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்க விளக்குக் கம்பம்வரை நடந்தார். இன்னும் சரியாக விடியவில்லை. சித்தப்பா வாசற்படியில் நின்று, அவர் போவதைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பி வாங்ண்ணா" என்றார். பெரியப்பா திரும்பி வந்தார். "இன்னொரு தடவெ" என்றார். கோட்டு அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.