கட்டிலோடு வந்தவர்

தேனியில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்தான் அந்தத் தாயைப் பார்த்தேன். தேவாரம் பக்கத்துக்காரர். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. பேசும்போதெல்லாம் அந்தச் சட்டைக் கையால் மகளின் வாயோர எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மகளுக்கு உட்காரக்கூட வராது. ஜீப்பின் மேல் கட்டிலை ஏற்றிவந்து, வராந்தாவின் நடுவில் போட்டு, அதில் அவளைப் படுக்கவைத்திருந்தார்.

"வீட்டுக்கே வந்து பயிற்சி குடுக்கிறது புள்ளையோட உரிமைன்னு கூட்டத்துல நீங்கதான சொன்னீக?" என்று அதிகாரியிடம் கேட்டார்.

"பிள்ளைய நேர்ல பாக்காம எப்படிம்மா எழுதுறது?" என்றார் அதிகாரி. உடனே கட்டிலைப் பார்த்துவிட்டு, "அதான் வெளிய வர முடியுதே! அப்புறம் எதுக்கு வீட்டுக்கு ஆளு?" என்றார்.

"அவ எங்க சார் வந்தா? நான்ல வீட்டத் தூக்கிட்டு வந்திருக்கேன்! இங்கன வந்து பாருங்க."

அதிகாரி முறைத்தபடி கட்டிலை நெருங்கினார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க சார். வீடு இது."

கழற்றினார். அடுத்த வாரத்திலிருந்து பயிற்சியாளர் வீட்டுக்கு வருவார் என்று எழுதியும் கொடுத்தார். எந்த விதிப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வேடிக்கை பார்க்கக் கட்டிலருகே போயிருந்த நான், பஸ் ஏறும்போதுதான் காலைப் பார்த்தேன். வெறுங்கால். என் செருப்பும் அந்த வராந்தாவில்தான் கிடந்தது.