தூக்கிப் பாத்து வாங்கின கம்ப்யூட்டர்

காலையில ஆறரைக்கு அப்புத்தளையில பதுளை பஸ்ஸுக்கு நின்னப்ப ரோடு தெரியல, பஸ் தெரியல, பக்கத்துல நின்ன என் பொஞ்சாதி செல்வியும் தெரியல. பனிமூட்டம் அப்படி. அவ குரல் மட்டும் வந்துச்சு.

"அம்பத்திரெண்டு வயசுல கேம் வெளையாட கம்ப்யூட்டர் வாங்கப் போற மனுசன் ஒங்கள விட்டா வேற யாராச்சும் இருக்காங்களா?"

பண்டாரவளை வர்ற வரைக்கும் யோசிச்சுப் பாத்தேன். யாரும் ஞாபகத்துக்கு வரல.

விசயம் இதுதான். எங்க ஒரே மக தர்ஷினி கட்டார்ல ஒரு ஹோட்டல்ல கணக்கு வேல பாக்குறா. அங்க போன புதுசுல போன் பேச ஆரம்பிச்சா வைக்க மாட்டா. போகப் போக பேச்சு தேஞ்சு போச்சு. சாப்டீங்களா, சாப்டோம், மழையா, மழதான், சரிப்பா வைக்கிறேன். அதுக்கு மேல மூணு பேருக்கும் ஒரு வார்த்த வராது. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு பாஸ்போர்ட்டுக்குப் படம் புடிக்கிற மாதிரி இருப்போம். போன மாசம் அவளே ஒரு வழி சொன்னா. வேல முடிஞ்சு ரூமுக்கு வந்தா அவ ஒரு கேமுக்குள்ளதான் இருக்காளாம். நாங்களும் அதுக்குள்ள வந்தா, ஏதாச்சும் செஞ்சுக்கிட்டே பேசலாமாம்.

"ஒங்களுக்கு ஒன்னு காட்டணும்ப்பா. போன்ல காட்டுனா நல்லா இருக்காது. உள்ள வந்து பாருங்க"ன்னா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா. வீட்ல இருந்த பழைய லேப்டாப்ல அந்த கேமத் தொறந்து பாத்தேன். கேம் தொறக்கல. அன்னையிலருந்து லேப்டாப்பும் தொறக்கல.

அப்புத்தளையிலருந்து பதுளைக்கு நாப்பது கிலோமீட்டர் சொச்சம். தூரம் கம்மிதான், ஆனா வளைவெல்லாம் எண்ணுனா கொழும்புக்கே போயிறலாம். ஹாலிஎல தாண்டுறப்ப ஸ்வெட்டரக் கழட்டணும். பதுளையில எறங்குறப்ப, கழட்ட இன்னும் ஏதாச்சும் இருக்கான்னு தேடணும்.

கம்ப்யூட்டர் கட கடைத்தெருவுல, ஒரு துணிக்கடைக்கு மேல மாடியில. மொதலாளி பேரு ஜெகன், முப்பது வயசு இருக்கும். "கேம் வெளையாடுற கம்ப்யூட்டர் ஒன்னு குடுங்க தம்பி"ன்னேன். இல்லைன்னுட்டாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. பெயின்ட் கடைக்குள்ள நுழைஞ்சிட்டேனோன்னு போர்டத் திரும்பிப் பாத்தேன். அப்புறம் சொன்னாரு, நம்ம காசுக்கு நல்லதா வேணும்னா தனித்தனிச் சாமானா வாங்கி நம்மளே சேத்துப் பூட்டிக்கணுமாம். கண்ணாடி மேசையில ஒவ்வொன்னா எடுத்து வச்சாரு. மூள இது, முதுகெலும்பு இது, இதயம் இது. ஆட்டெறச்சிக் கடையில கூட ஒரு முழு ஆடு தொங்கும். இங்க அதுவும் இல்ல.

செல்வி தர்ஷினிய வீடியோவுல எடுத்து போன மேச மேல சாச்சு வச்சா. அவளுக்கு அன்னைக்கு லீவு. "ஜெகன் அண்ணா சொல்றதக் கேளுங்கப்பா. நீங்களா ஒன்னும் முடிவு பண்ணாதீங்க"ன்னு மொதல்லயே சொல்லிட்டா. பெத்த அப்பனப் பத்தி நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கா.

என் தொழில இங்க சொல்லியாகணும். நான் தேயிலத் தோட்டத்துல கணக்கப்பிள்ள. இருபத்தஞ்சு வருசமா மலையில நின்னு கொழுந்து நிறுக்குறவன். தராசு பொய் சொன்னாலும் என் கை பொய் சொல்லாதுன்னு நானே ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ஜெகன் ஒரே அளவுல ரெண்டு பவர் சப்ளை பெட்டிய எடுத்து வச்சதும் கை சும்மா இருக்கல. ரெண்டையும் தூக்கிப் பாத்துட்டு, பாரமா இருந்தத "இது"ன்னேன்.

ஜெகன் அப்படியே நின்னுட்டாரு. "அண்ணே, எப்படித் தெரியும்? நல்லதுன்னா உள்ள இரும்பும் செம்பும் ஒழுங்கா இருக்கும். பாரமாத்தான் இருக்கும்."

அந்த ஒரு பாராட்டுதான் என்னக் கெடுத்துச்சு. அதுக்கப்புறம் எதையும் தூக்கிப் பாக்காம விடல. ப்ராசஸரத் தூக்குனேன், ரேமத் தூக்குனேன். எஸ்எஸ்டின்னு ஒன்னு குடுத்தாரு, எல்லாத்தையும் சேமிச்சு வைக்கிற சாமானாம். ஒரு புடி கொழுந்து அத விடப் பாரம். வெறும் பெட்டியக் குடுத்துட்டீங்க தம்பின்னு திருப்பி நீட்டுனேன். போனுக்குள்ள தர்ஷினி தலையில கை வச்சுக்கிட்டா.

கடைசியா கிராபிக்ஸ் கார்ட். திரையில படம் வரையிற சாமான். அது சரியில்லேன்னா அந்த கேமுக்குள்ள போகவே முடியாது. பாதிக் காசு இதுக்கே போயிருமாம். புதுசோட வெலயக் கேட்டதும் செல்வி ஸ்டூல்ல உக்காந்துட்டா. அதனால ஏற்கனவே பாவிச்ச பழசு ரெண்டு எடுத்து வச்சாரு. ரெண்டும் ஒரே மாடல், ஒரே வெல. ஒன்னத் தொறந்து சுத்தம் பண்ணி ஓட்டிப் பாத்தாச்சாம். இன்னொன்னு முந்தா நாள்தான் எல்ல ஊருப் பக்கத்துல ஒரு வீட்லருந்து வந்துச்சாம், இன்னும் தொறக்கலையாம்.

ரெண்டு கையிலயும் ரெண்டையும் ஏந்துனேன். கண்ண மூடுனேன். தொறக்காதது நல்ல பாரம். "இதையே குடுங்க"ன்னேன். ஜெகன் வேணாம்னாரு. தர்ஷினி வேணாம்னா. கை சொல்லிருச்சு, இனி மாத்தமில்லேன்னு நின்னேன்.

செல்வி கல்யாணத்துக்கு முந்தி கொழுந்து எடுத்தவ. அவ சாக்கயும் ஒரு கணக்கப்பிள்ள நிறுத்திருக்காரு. ஸ்டூல விட்டு எந்திரிக்காமலே கேட்டா.

"மலையில சாக்கு பாரமா இருந்தா, தண்ணி நிக்கிதுன்னு கிலோ வெட்டுவீங்க. இங்க பாரமா இருந்தா தரமா?"

ஜெகன் என் கையிலருந்த தொறக்காத கார்ட வாங்கி ஸ்குரூவக் கழட்டுனாரு. மூடி வந்துச்சு. உள்ள தகடுகளுக்கு நடுவுல, கட்டவிரல் மொத்தத்துல, காஞ்ச களிமண்ணு. மண்ணுக்குள்ள ஓட்ட ஓட்டயா.

"குளவி!"

கத்துனது நான்தான். தோட்டத்துல அந்த வார்த்த காதுல விழுந்தா ஏன் எங்கன்னு கேக்குற பழக்கம் இல்ல. சாக்கப் போட்டுட்டு ஓட வேண்டியதுதான். நான் பாதிப் படியில இருந்தேன். எப்படி வந்தேன்னு தெரியல. செல்வி முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு எனக்கு முன்னாடி போய்க்கிட்டு இருந்தா. கீழ துணிக்கடையில சீல பாத்துக்கிட்டு இருந்தவங்களும் எங்களப் பாத்து ரோட்டுக்கு ஓடி வந்துட்டாங்க. ஜெகன் மேலருந்து எட்டிப் பாத்து, வெறுங்கூடு அண்ணே, குளவி பறந்து போயி பல மாசம் இருக்கும்னு சொன்னாரு. துணிக்கடக்காரர் என்னப் பாத்த பார்வைய நான் எழுதல.

மூச்சு வாங்க மேல ஏறுனா, ஆளில்லாத மேசையில போன் கெடந்து சிரிக்குது. தர்ஷினி அப்படிச் சிரிச்சுக் கேட்டு ரெண்டு வருசம் ஆகுது. கண்ணத் தொடச்சுக்கிட்டு, "அப்பா, அம்மா ஒங்கள முந்திட்டாங்கப்பா"ன்னா. அப்புறம் நிறுத்தாம பேசுனா. ஹோட்டல்ல ஒரு நாளு எலியக் கண்டு ஓடுனதச் சொன்னா, ரூம்ல அழுத ஒரு ராத்திரியையும் சொன்னா. அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சுத்தம் பண்ணுன கார்ட ஜெகன் பெட்டியில போடுற வரைக்கும் பேசுனா.

திரும்பி வர்றதுக்கு ரயில். சாமானெல்லாம் பூட்டப் போற கேசிங் பெட்டி என் மடியில, எனக்கு முன்னாடி ஒன்னும் தெரியல. தெமோதரையில ரயிலு தன்னோட பாதைக்குக் கீழயே பூந்து வளைஞ்சு மேல ஏறுதே, அதப் பாக்கத்தான் வெள்ளக்காரங்க கடல் தாண்டி வர்றாங்க. நான் பாத்தது அட்டப் பெட்டியில போட்டிருந்த அம்புக்குறி. எல்ல தாண்டுனதும் செல்வி, "புள்ள என்னமோ காட்டணும்னாளே, என்னவா இருக்கும்?"னு கேட்டா. யாராச்சும் பையனா இருக்கும்னேன். பண்டாரவளை வரைக்கும் அந்தப் பையன் எந்த ஊரா இருப்பான்னு ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம்.

ரெண்டு சாயந்தரம் தர்ஷினி போன்ல சொல்லச் சொல்ல பூட்டுனோம். பட்டன அமுக்குனா சத்தமே இல்ல. உசுரே போச்சு. செல்வி பின்னால குனிஞ்சு, பவர் சப்ளையில இருந்த சுவிட்சப் போட்டா.

உள்ள போனோம். கேமுக்குள்ள மொதல்ல நான் தண்ணியில விழுந்தேன். "அப்பா, இந்தப் பக்கம்"னு சத்தம் வந்த தெசையில ஏறுனா, ஒரு வீடு. மரத்துல கட்டுன மாடி வீடு. பின்னால மல, முன்னால செவ்வந்திப் பாத்தி. வாசல்ல தர்ஷினி தீப்பந்தத்தோட நிக்கிறா.

நாங்க இருக்குறது தோட்டத்துக் குவாட்டர்ஸ். நான் ரிட்டயர் ஆனா சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டு எறங்கணும். எங்க அப்பாவுக்கு வரிசையாக் கட்டுன லயத்துல ஒத்த ரூம் காம்பரா, தாத்தாவுக்கும் அதே காம்பரா.

செல்வி திரையத் தொட்டுக் கேட்டா. "இது யாரு வீடு?"

"நம்ம வீடும்மா. ஒங்க ரூம் மேல. சன்னலத் தொறந்தா மல தெரியும்."

கதவுக்கு மேல பலகையில எங்க மூணு பேரு பேரும் இருந்துச்சு. எனக்கு அதப் படிக்க ரொம்ப நேரம் ஆச்சு. பக்கத்துல பாத்தா செல்வியக் காணோம். அடுப்படியில சத்தம் கேக்குது. எங்கடி போனேன்னு கூப்புட்டேன்.

"புது வீட்டுக்குப் போறப்ப பால் பொங்க வைக்க வேணாமா? நான் வர்ற வரைக்கும் உள்ள கால வைக்காதீங்க."

வாசல்லயே நின்னோம், நானும் மகளும், அவ கட்டார்ல, நான் அப்புத்தளையில. பால் பொங்கி வழிஞ்ச வாசன வந்ததுக்கப்புறம்தான் மூணு பேரும் உள்ள போனோம். அடுப்பத் தொடச்சது நான்.