ஒரே ஒரு மாற்றுச் சேலை

மலைக்குப் போக வேண்டியவள் நான் இல்லை. வழக்கமாகப் போகிற நர்சுக்கு அம்மை போட்டுவிட்டது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க போயிட்டு வந்துருங்கம்மா. ஒரு ராத்திரி தங்கணும், அவ்வளவுதான்" என்றார். தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற முகாம் அது. தொண்ணூறுகளின் நடுவில், கார்த்திகைக் கடைசி. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். குழைந்த சோறு இரண்டு வாய் தின்பாள். மற்றபடி என் பால்தான்.

நாங்கள் கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவார். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது என் மாமியார். மத்தியானம் நான் சுகாதார நிலையத்திலிருந்து ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவேன். அதனால் ஒரு நாள் நான் இல்லாமல் சமாளிப்பதில் அவர்கள் இருவருக்கும் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் பை கட்ட உட்கார்ந்தேன். அவர் பரணிலிருந்து ரெக்சின் பையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜவுளிக்கடையில் கொடுத்த துணிப்பையை எடுத்தேன். ஒரு மாற்றுச் சேலை, அதற்குரிய ஜாக்கெட், பாவாடை, துண்டு, சீப்பு, பல்பொடி. பால் கட்டினால் உள்ளே வைத்துக்கொள்ள அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து நாலைந்து துணிகள். அவ்வளவுதான்.

மாமியார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, மேல மழ பெய்யுதுன்னு பால்காரன் சொன்னான். ஒரு சேல கூட வையி."

"வேண்டாம் அத்த. நாளக் கழிச்சு சாயங்காலம் வந்துருவேன்லா."

"சுவெட்டராவது வையி."

"வேண்டாம் அத்த."

இன்னொரு சேலை அந்தப் பையில் கொள்ளாமல் இல்லை. ஆனால் அதை வைத்தால் இன்னொரு நாள் அங்கே இருக்க நானே சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று மனசுக்குள் ஒரு பயம். மாற்றிக் கட்ட ஒன்றுமில்லை என்றால் திரும்பி வந்துதானே ஆக வேண்டும். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

என்னோடு வந்தவர் பக்கத்து ஊர் நர்சு. என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. மருந்து வைத்த ஐஸ் பெட்டி ஒரு பக்கம், இரண்டு பெரிய பைகள் இன்னொரு பக்கம். ஒன்றில் துணி. இன்னொன்றில் ஊறுகாய், அவல், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிளாஸ்டிக் விரிப்பு, அட்டைக் கடிக்கு உப்பு, இன்னும் என்னென்னவோ.

கண்டக்டர் பைகளை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டு, "என்னக்கா, குடி போறியளா?" என்று கேட்டார்.

"போறதுதான் நம்ம கையில. வாறது யாரு கையில இருக்கு?" என்றார் அக்கா.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. மணிமுத்தாறு அணையைத் தாண்டி பஸ் மலையில் ஏறத் தொடங்கியதும் தூறல் விழுந்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் பின்னால் திரும்பி, வந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் நாள் வேலை நன்றாகவே நடந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். பெண்கள் தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கும்போதும் என் மகளின் வாய்தான் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் மார்பு கல்லாகிவிட்டது. குளியலறையில் நின்று பாலைப் பீய்ச்சித் தண்ணீரோடு கழுவி விட்டேன். நாளை ஒரு பொழுதுதானே என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தபோது மழை ஓட்டின் மேல் ஒரே இரைச்சலாக இருந்தது. இன்னும் மேலே இருந்த குடியிருப்புக்கு ஜீப்பில் போய் மருந்து கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பினோம். பையைக் கையில் எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பஸ் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தோட்டத்து ஆபீசிலிருந்து ஒருவர் குடை பிடித்து வந்து, கீழே ஒரு வளைவில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது, பஸ் பாதியோடு திரும்பிவிட்டது என்றார்.

"எப்ப சரியாகும்?" என்று கேட்டேன்.

"மழ விட்டால்லா மண்ண அள்ள முடியும்?" என்றார் அவர்.

ஆபீசில் போன் இருந்தது. எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சிக்குப் போட்டேன். அவர் ஆளை அனுப்பி என் மாமியாரைக் கூப்பிட்டுவிடுவதாகச் சொன்னார். மறுபடி போட்டபோது மாமியார் பிள்ளையோடு வந்திருந்தார்.

"நீ ஒண்ணுக்கும் விசாரப்படாத. பசும்பால் குடுக்கேன். நல்லாக் குடிக்கா" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் பிள்ளை அழுத சத்தம் கேட்டது. அது அவள் பசியில் அழுகிற அழுகை, எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் காதில் விழுந்த நொடியில் எனக்குப் பால் இறங்கிவிட்டது. துணியெல்லாம் தாண்டிச் சேலையின் முன்பக்கம் நனைந்து வழிந்தது. எதிரே கிளார்க் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி, மழையைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார். அக்கா தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து என்மேல் சுற்றினார். போனில் மாமியார், "எம்மா, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலத்தோடு அந்த போனும் செத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. எங்களுக்குக் கொடுத்திருந்த அறைக்கும் வராந்தாவுக்கும் நடப்பேன். மழை குறைந்த மாதிரி இருந்தால் ரோட்டு வளைவு வரைக்கும் போய்ப் பார்த்து வருவேன். அக்கா அவலை நனைத்து வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டால், நின்றுகொண்டே இரண்டு வாய் போட்டுக்கொண்டு மறுபடி நடப்பேன். மார்பு வலியில் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டித் தொங்கவிட முடியவில்லை. மூன்றாம் நாள் லேசாகக் காய்ச்சல் வந்தது. கொண்டுபோன துணிகள் எல்லாம் நனைந்து, பால் வாடையோடு கொடியில் தொங்கின. அந்த மலையில் அந்த மழையில் எதுவும் காயாது. மாற்றுச் சேலையும் ஈரம், உடுத்திய சேலையும் ஈரம்.

அக்கா தன் பையைத் திறந்து ஒரு சேலையை என்னிடம் நீட்டினார். இன்னொரு நைந்த நூல் சேலையை எடுத்துப் பல்லால் கடித்து, சர்ரென்று கிழித்தார்.

"ஏன்க்கா கிழிக்கிய?"

"நனஞ்சத நெஞ்சுல வச்சுக்கிட்டு இருந்தா காய்ச்ச கூடத்தான் செய்யும். இத வையி."

அன்று பகலில் ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆயாவின் வீட்டுக்குப் போனோம். அவருடைய அடுப்புக்கு மேலே துணி காயப்போட மூங்கில் கட்டியிருந்தது. ஆயா வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் இருவரும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து துணிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். எதையாவது பேச வேண்டும் போலிருந்தது.

"நீங்க எப்பவும் இம்புட்டு மூட்டயோடதான் கிளம்புவியளா அக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

அவர் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

"கல்யாணம் ஆயி மூணாம் வருசம், ரெண்டு நாள் ஒங்க அம்ம வீட்டுல இருந்துட்டு வான்னு பஸ் ஏத்தி விட்டாவ. ரெண்டு நாள்தானன்னு ஒரு சேலதான் எடுத்துட்டுப் போனேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கூப்புட வரல. நானாப் போயி நின்னேன். கதவத் திறக்கல. என் சேல, பாத்திரம், என் நர்சு படிப்பு சர்ட்டிபிகேட்டு எல்லாம் அங்கனதான் கெடந்துச்சு. சர்ட்டிபிகேட்ட மட்டும் ஒரு புண்ணியவாளன் வாங்கிக் குடுத்தாரு. அதுலேருந்து எங்க போனாலும் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுதான் போறேன். என் வீட்டுல வந்து பாரு, ஒண்ணும் இருக்காது. எல்லாம் இந்தப் பைக்குள்ளதான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடிக்கலாமா என்று தோன்றியது. ஆனால் அந்த நேரத்திலும் என் காது வெளியே, மழை குறைகிறதா என்றுதான் இருந்தது. அதுதான் உண்மை. வேறொருத்தி தன் வாழ்க்கையைச் சொல்லும்போது, நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்தார். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் சிலர், கீழே ஒரு சாவுக்குப் போகிறவர்கள், நடந்தே இறங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். மண் சரிந்த இடத்தைக் கால்நடையாகத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் லாரி நிற்குமாம். நானும் வருகிறேன் என்றேன்.

"ஒரு நாள் பொறுட்டி. காய்ச்ச உடம்போட ஏன் போற? நாளைக்கு ரோட்டச் சரி பண்ணிருவாவ" என்றார் அக்கா.

"முடியாதுக்கா."

"நீ விழுந்து கெடந்தேன்னா ஒம் பிள்ளைக்கு நானா பதில் சொல்லுவேன்?"

"முடியாதுக்கா" என்றுதான் திரும்பவும் சொல்ல வந்தது. அவர் கோபமாக எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் உப்பை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். என் கணுக்காலைச் சுற்றி அந்த உப்பைத் தேய்த்துவிட்டார். மழைக்கு வராமல் விடுபட்ட பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "பைய, பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார். வாசலுக்கு வரவில்லை.

மண் சரிந்த இடம் பார்ப்பதற்கு அவ்வளவு பயங்கரமாக இல்லை. சிவப்பு மண், வேரோடு சாய்ந்த மரம் ஒன்று, அதன் நடுவே ஆட்கள் மிதித்து உண்டான தடம். முழங்கால் வரை புதைந்தது. முன்னால் போனவர் ஒரு கம்பை நீட்டினார், பிடித்துக்கொண்டு தாண்டினேன். ஒரு செருப்பு மண்ணுக்குள் போய்விட்டது. இன்னொன்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். லாரியில் நின்றுகொண்டே மணிமுத்தாறுக்கு வந்து, அங்கிருந்து பஸ். சேறு படிந்த சேலையோடு ஏறிய என்னைப் பார்த்து ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமே நின்றேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் பிள்ளையைக் கிடத்திப் பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. அவள் அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"குளிச்சுட்டு வா. சேத்தப் பாத்து பிள்ள மெரளுதா" என்றார் மாமியார்.

குளித்து, தலை துவட்டி, அவளுக்குத் தெரிந்த பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அப்போது வந்தாள். மடியில் ஏறி உட்கார்ந்தாள், தாலியை இழுத்து விளையாடினாள். ஆனால் மார்பில் வாய் வைக்கவில்லை. வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். "நல்லதாப் போச்சு, எப்பமாவது மறக்கத்தான செய்யணும்" என்றார் மாமியார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டேன். ஒரு வாரத்துக்குள் பால் வற்றிவிட்டது.

அக்கா இரண்டு நாள் கழித்து, ரோடு திறந்த பிறகுதான் வந்தார். அவருடைய சேலையைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடியிருந்தது ஒற்றை அறை. அவர் சொன்னது போலவே கொடியில் ஒரு துண்டு, அடுப்பு, இரண்டு பாத்திரம். அன்றைக்கு அவர் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கிற வரை நான் எழுந்திருக்கவில்லை. வாசலையும் பார்க்கவில்லை. அதன் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

நான் மறுபடி வேலைக்குப் போன காலையில் மனசு பதறிக்கொண்டே இருந்தது. அதற்கு முன்பெல்லாம் நான் படி இறங்கினால் அவள் கத்திக் கூப்பாடு போடுவாள், தெருமுனை வரைக்கும் எனக்குக் கேட்கும். அன்று மாமியார் இடுப்பில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு குட்டிக் கையை உயர்த்தி விரல்களை மடக்கி மடக்கி டாட்டா காட்டினாள். நான் மலையில் இருந்த நாட்களில், காலை ரயிலுக்குப் போகும் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். நானும் கையைக் காட்டிவிட்டு நடந்தேன். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் வேப்பமரத்தில் இருந்த காக்கையைக் காட்டி என்னவோ பேசிக்கொண்டிருந்தாள்.