ட்ரையர் சுவரும் எட்டு பேட்டரிகளும்

1. பெரட்டில் நான் சொன்னது

எட்டு பேட்டரிகளும் ஒரே மாதத்தில் தளர்ந்துபோயின. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக நான் வேலை பார்த்த கடைசி வருடம் அது. கைத்தொழில் தெரிந்தவரை 'பாஸ்' என்று கூப்பிடுவது எங்கள் தோட்டங்களின் வழக்கம். கொழுந்து வெட்டும் பேட்டரி மெஷின்கள் நான்கு, சோதனைக்காக வந்திருந்தன. மெஷினுக்கு இரண்டு பேட்டரி. பேட்டரியை முதுகில் மாட்டிக்கொண்டு, கையிலுள்ள மெஷினால் செடியின் மேல்மட்டத்தைச் சீவிக்கொண்டே போகவேண்டும். புதிதில் ஒரு பேட்டரி எட்டு நிரைச் செடிக்கு ஓடியது. மாதக் கடைசியில் நான்காவது நிரையிலேயே நின்றது.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னிலையிலும் தோட்ட மேலாளரான துரை என்னைக் கேட்டார்: "என்ன பாஸ் இது? புது சாமான்தானே?"

"பேட்டரியில பிழை இல்ல சார். இவங்க தூக்கிப் போடுறாங்க, மழையில நனைக்கிறாங்க. பாவிக்கத் தெரியல."

நான்கு மெஷின்காரிகளில் ஒருத்தியான செல்வராணி முன்னால் வந்தாள். "பாஸ் ஐயா, புள்ளையக்கூட இவ்வளவு பத்திரமா நான் தூக்குனதில்ல. மழ வந்தா என் ரெட்டுத் துணியத்தான் அதுக்குப் போத்துறேன், நான் நனைஞ்சிக்கிட்டு வாறேன். எதப் பாத்து சொல்றீங்க?"

நான் எதையும் பார்த்துச் சொல்லவில்லை. டெக்னிக்கல் காலேஜ் படித்தவன், முப்பது வருட சர்வீஸ்காரன் என்ற தைரியத்தில் சொன்னேன்.

துரை முடித்துவைத்தார்: "பத்து நாள் பாப்பேன். சரிவரலன்னா மெஷின் திரும்பிப் போகும்."

மற்ற மூவருக்கும் அது பெரிய இழப்பில்லை. பழையபடி கையால் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். செல்வராணிக்கு அப்படியில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. பல வருடங்களுக்கு முன் மலையில் விழுந்து முறிந்தவை. கொழுந்தைக் கிள்ள முடியாமல் புல்வெட்டில் கிடந்தவளை இந்த மெஷின்தான் மறுபடி கொழுந்து மலைக்குக் கொண்டுவந்தது. மெஷின் போனால் அவளுக்கு அந்த மலை இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

2. ட்ரையர் சுவர்

எங்கள் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் ட்ரையரின் பின்சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். நனைந்த கம்பளி, சப்பாத்து, காலுறை எல்லாம் அங்கேதான் காயும். மாரி காலத்தில் எங்கள் ஊரில் உலர்ந்த பொருள் எதுவும் அந்தச் சுவரைக் கடந்துதான் வந்திருக்கும். பேட்டரி மெஷின் வந்ததும், பனியில் பேட்டரி விறைத்துவிடும் என்று எண்ணி, சார்ஜர்களை அதே சுவரில் தட்டு அடித்து வைத்தேன். எல்லோரும் என் யோசனையைப் பாராட்டினார்கள்.

பின்னேரம் கொழுந்து லொறியில் பேட்டரிகள் வரும்போது வெட்டிய சூட்டோடு இருக்கும். அப்படியே சார்ஜரில் ஏற்றுவேன். சற்று நேரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கும். கரண்ட் கூடிக் குறைகிறது என்று நினைத்துக் கழற்றி மறுபடி மாட்டுவேன். மறுபடியும் மினுங்கும். மறுபடியும் மாட்டுவேன்.

பெரட்டில் அப்படிப் பேசிவிட்டு வந்த அன்றுதான் பெட்டிக்குள் கிடந்த விளக்கத்தாளை முதன்முதலாக விரித்தேன். தெளிவான ஆங்கிலத்தில் இருந்தது. சூடான பேட்டரியை ஆறவிட்ட பிறகே சார்ஜ் போடவேண்டும். வெப்பமான இடத்தில் சார்ஜர் வைக்கக்கூடாது. சிவப்பு மினுங்கினால் சூடு அதிகம், சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது என்று பொருள். அப்படியானால் என் பேட்டரிகள் பாதி வயிற்றோடுதான் தினமும் மலைக்குப் போயிருக்கின்றன. போதாததற்குச் சூடு அவற்றின் ஆயுளையும் தின்றிருக்கிறது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சார்ஜரை இடம் மாற்றினால் ஏன் என்று கேட்பார்களே என்று அதையும் மாற்றவில்லை. பத்து நாள் அந்தத் தாளோடு நடமாடினேன். தெரியாமல் செய்தது முதல் மாதம். இந்தப் பத்து நாள் தெரிந்து செய்தது.

3. பிள்ளைக்காம்பரா

அந்த நாட்களில் மண் சரிந்து மேல்பிரிவுக்கு லொறி போக முடியாமல் போனது. அங்கே வெட்டிக்கொண்டிருந்த செல்வராணியின் இரண்டு பேட்டரிகளையும் ஒரு சார்ஜரையும், கரண்ட் இருக்கிறதென்று மேல்பிரிவுப் பிள்ளைக்காம்பராவில் வைத்தார்கள். அங்கே குழந்தைகளைப் பார்க்கும் ஆயம்மா ஒரே சட்டம் போட்டார்: "சூட்டோட எதையும் உள்ள கொண்டாராத. பாப்பாங்க கைய வச்சிரும்."

அதனால் பேட்டரிகள் வெளியே தாழ்வாரத்துச் சிமெந்தில் கிடந்து ஆறும். குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஆயம்மா சார்ஜ் போடுவார். பச்சை எரிந்ததும் கழற்றிவிட்டுக் கதவைப் பூட்டுவார்.

நான்காம் நாள் செல்வராணி நடந்தே தொழிற்சாலைக்கு வந்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"பாஸ் ஐயா, ஆயம்மா சார்ஜ் போட்டா ஏழு நெர ஓடுது. நீங்க போட்டா நாலுல படுத்துருது. ஆயம்மா எந்த காலேஜ்ல படிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லவா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தாள் இருந்த சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நான் ட்ரையர் பக்கம் போய்விட்டேன்.

அவள் துரையிடமே போனாள். "ஒரே மெஷினு, ஒரே மலை, ஒரே ஆளு நானு. என் சோடியில ஒண்ணு இங்க சார்ஜ் போடட்டும், ஒண்ணு ஆயம்மா போடட்டும். நீங்க நின்னு பாருங்க தொரை."

கெடு முடியும் நாளில் பார்த்தோம். தொழிற்சாலைப் பேட்டரி நான்காவது நிரையின் நடுவிலேயே முனகி நின்றது. அவள் ஆயம்மா சார்ஜ் போட்டதை மாட்டினாள். ஐந்தாவது நிரையில் பக்கத்து மலைப் பெண்கள் கூடையோடு வந்து நின்றுவிட்டார்கள். ஆறாவதில் எண்ணத் தொடங்கினார்கள். ஏழாவது நிரை முடிந்தும் மெஷின் பாடிக்கொண்டே போனது.

"விடாத ராணி! பாஸ் ஐயா வீட்டு வாசல் வரைக்கும் வெட்டிட்டுப் போ!" என்று யாரோ கத்த, மலையே ஆர்ப்பரித்தது. எட்டாவது நிரையின் கடைசிச் செடியைச் சீவிவிட்டு அவளாகவே மெஷினை நிறுத்தினாள். மடங்காத விரல்களால் முகத்து வியர்வையை வழித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

துரையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். "பிழை என்னோடது சார். பத்து நாளா எனக்குத் தெரியும்."

அவர் படித்து முடித்து, "நாளைக்கு பெரட்டுல சொல்லுங்க" என்றார்.

மறுநாள் சொன்னேன். முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் குரலில்தான். முடித்ததும் செல்வராணி கேட்டாள்: "எனக்கு கேட்டுச்சு பாஸ் ஐயா. பின்னால நிக்கிறவங்களுக்கு கேக்கல. இன்னொருக்கா சொல்லுங்க."

இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன். அதுதான் எனக்குச் சுகமாக இருந்தது.

4. இன்று சார்ஜ் போடுகிறவர்களுக்கு

மெஷின்கள் திரும்பிப் போகவில்லை. இப்போது எல்லாப் பிரிவிலும் இருக்கின்றன. புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது செல்வராணிதான்.

சூடு ஆறாமல் சார்ஜ் போடாதீர்கள். கைவைத்துப் பாருங்கள், அதுவே போதும். முனைகளில் ஈரம் இருந்தால் துடையுங்கள். மழையில் வேலை நின்றால் பேட்டரியை வெறுமையாகப் போட்டு வைக்காதீர்கள், பாதிச் சார்ஜில் நிழலில் வையுங்கள். விளக்கு மினுங்கினால் அது ஏதோ சொல்கிறது. கழற்றி மாட்டி அதன் வாயை அடைக்காதீர்கள்.

எட்டில் ஆறு பேட்டரிகள் மீண்டுவந்தன. இரண்டு மீளவே இல்லை. அவற்றைக் கழித்தபோது பழுதுப் பதிவேட்டில் காரணம் எழுதும் இடத்தில், "சார்ஜ் போட்டவரின் தவறு" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். என் சர்வீசில் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் உண்மை அதுதான் என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு முன் எழுதிய எல்லாவற்றிலும் பிழை வேறு யாருடையதாகவோ இருந்தது.