அமாவாசையில் நெய்த பச்சை

ஒப்பிக்கிற பாடம் எனக்கு ஆகவே ஆகாது. தேசியப் பறவை மயில், தேசிய மலர் தாமரை என்று ஒரு வகுப்பே ஒரே ராகத்தில் இழுக்கும்போது எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். அதனால்தான் காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம், குடியரசு தினத்துக்கு முந்தைய வாரங்களில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புத்தகத்தை மூடச் சொன்னேன். எல்லாவற்றையும் கையால் செய்துதான் படிக்க வேண்டும் என்றேன்.

முதலில் மயில். வரைந்து முடித்ததும் பார்த்தால், பாதிப் பேர் இரண்டு மயில்களை எதிரெதிராக நிறுத்தியிருந்தார்கள். "தேசியப் பறவை ஒன்றுதானே? எதற்கு ஜோடி?" என்றேன். "ஒத்த மயில வச்சிக்கினு பார்டர் எப்டி டீச்சர் ஓட்றது?" என்று முன் வரிசையில் இருந்த ஒருத்தி என்னையே திருப்பிக் கேட்டாள். அவள் வீட்டில் இரண்டு தறி. அவளுக்கு மயில் என்றாலே சேலைக் கரைதான்.

அடுத்தது களிமண்ணில் தேசியச் சின்னமான சிங்கத் தூண். காய்ந்து வந்தபோது சிங்கங்களுக்குக் கொம்பு முளைத்திருந்தது. தினமும் கோயில் மண்டபத்தைத் தாண்டி வருகிற பிள்ளைகள், யாளியைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஊரும் பேச்சும் பிடிபடாமல் உர்ரென்று இருந்த அந்த நாட்களில் என்னை வாய்விட்டுச் சிரிக்க வைத்தவை அந்தக் கொம்புகள்தான்.

கடைசியாகக் கொடி. காகிதத்தில் ஒட்டாமல் நெய்துவிடுவோம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஒரு பழைய படச் சட்டத்தில் மேலும் கீழும் ஆணி அடித்தோம். வீடுகளில் மிஞ்சிய பட்டு நூல் பை பையாக வந்தது. தறிக்காரர் வீட்டு அந்தப் பெண் தானாகவே மேஸ்திரி ஆகிவிட்டாள். நீளவாக்கில் பாவு இழுத்துக் கட்டினாள். குறுக்கே ஊடையைக் கோத்து, தலை சீவுகிற சீப்பால் தட்டித் தட்டி இறக்கினாள். அவள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் முறை வைத்துக்கொண்டு காவியை முடித்தார்கள். வெள்ளையும் வளர்ந்தது. நான் என் பங்குக்கு வேடிக்கை பார்த்தேன்.

காலனியிலிருந்து வருகிற ஒருத்தி மட்டும் என்னை நிம்மதியாக வேடிக்கை பார்க்க விடவில்லை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். வகுப்பிலேயே பெரிய தொண்டை அவளுக்குத்தான். "டீச்சர், நானு எப்ப? பச்சை எனக்குத்தானே?" என்று தினமும் நச்சரிப்பாள். பச்சையை நான்தான் நெய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியும் விட்டாள். கொடியேற்றும் ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவுக்கு ஷிப்டு. லீவு சொல்லிவிட்டு இதைப் பார்க்க வரப்போவதாக ஒருநாள் என் காதில் ரகசியமாகச் சொன்னாள். அவள் ரகசியம் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

மேஸ்திரி இடம் கொடுக்கவில்லை. "கை மாறினா துணி காட்டிக் குடுத்துடும் டீச்சர். எங்களுக்குள்ளயே பாத்துப் பாத்துத்தான் தட்றோம். அவ வூட்ல தறியே கெடையாது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அது தொழில் பேச்சா, தெருவுக்குத் தெரு இருக்கிற வேறு பேச்சா என்று பத்து வயதுக் குழந்தையின் முகத்தில் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. அதட்டி இடம் வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் டீச்சர் அதட்டி வாங்கிய இடத்தில் உட்கார்ந்தால் அவள் அம்மாவிடம் எதைச் சொல்லிக் காட்டுவாள்? நாளை பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அப்படித் தள்ளித் தள்ளி வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. சனிக்கிழமை பள்ளி கிடையாது. அன்றே பச்சை முழுவதும் முடிந்தாக வேண்டும். மதியம் சட்டத்தை நடுவில் வைத்து "ஆரம்பிங்க" என்றேன். தறிக்காரப் பிள்ளைகள் ஒருவர்கூட அசையவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னைக்கு அமாவாச டீச்சர். தறியத் தொடக் கூடாது" என்றாள் மேஸ்திரி.

"இது தறியா? போட்டோ மாட்டுற சட்டம்மா!"

"பாவு கட்டிட்டோம்ல? அப்ப தறிதான்."

அமாவாசையன்று இந்த ஊரில் தறி ஓடாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஞாயிறு காலை கொடியை மாட்ட தலைமையாசிரியை சுவரில் ஆணியே அடித்து வைத்துவிட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது பின்னாலிருந்து அந்தப் பெரிய தொண்டை கேட்டது. "எங்க வூட்ல தறியே கெடையாதுன்னு நீதானே சொன்ன? அப்ப எனக்கு அமாவாச இல்லல்ல?"

காலனிக்காரி மேஸ்திரியின் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நீ உக்காந்துக்கினு சொல்லு. தொடாத. நான் செய்றேன்."

அந்த மதியத்துக்காக நான் யாருக்கு நன்றி சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. அமாவாசைக்கே சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு வாயால் நெய்தாள். "மேல, கீழ, மேல... அய்யோ, ஒண்ணு வுட்டுட்ட பாரு! பிரி. இழுக்காத, ஓரம் உள்ள வாங்கிடும். தட்டு. இன்னும் தட்டுமா, சாப்டலயா நீ?" என்று ஒரே அதிகாரம். இவளும் சளைக்கவில்லை. "தட்டிக்கினுதானே கீறேன், கத்தாத!" என்று சண்டை போட்டுக்கொண்டே கோத்தாள். கடைசி மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பச்சை முடிந்தபோது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

பிள்ளைகள் போன பிறகு தனியாக நின்று பார்த்தேன். மேஸ்திரி சொன்னது சரிதான். காவியும் வெள்ளையும் இறுக்கமாக, மட்டமாக இருந்தன. பச்சை தளர்ந்து, லேசாக அலை அடித்திருந்தது. கை மாறிய இடம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நான் நெசவு தெரியாதவள்.

ஞாயிறு விடிந்ததும் சாவியோடு போனேன். எனக்கு முன்னால் மேஸ்திரி வாசலில் நின்றிருந்தாள். கையில் கத்தரிக்கோலும் ஒரு சின்னப் பொட்டலமும். அமாவாசை போய்விட்டது, இனி அவள் தறியைத் தொடலாம். பச்சையைப் பிரித்து ஒரு மணி நேரத்தில் மறுபடி நெய்துவிடக் கூடிய கை அது. இன்னொருத்தியின் அம்மா லீவு போட்டுக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார்.

கதவைத் திறந்ததும் மேஸ்திரி நேரே போய்ச் சட்டத்தின் முன் உட்கார்ந்து பச்சையை விரலால் தடவினாள்.

"பிரிக்கப் போறியாம்மா?" என்றேன்.

"பிரிக்கிறதா? எதுக்கு டீச்சர்?" என்று என்னை விநோதமாகப் பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே மஞ்சளும் குங்குமமும். சேலையைத் தறியிலிருந்து அறுக்கும் முன் அவள் வீட்டில் செய்கிற மாதிரி சட்டத்தின் நான்கு மூலையிலும் பொட்டு வைத்தாள். பிறகு கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள். நான் அறுக்கட்டுமா என்று கேட்டதற்கு, என் அறியாமையை மன்னிப்பதுபோல் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. காலனிக்காரி எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஓடி வந்தாள். பின்னால் அவள் அம்மா தயங்கித் தயங்கி வந்தார். மேஸ்திரி எழுந்து கத்தரிக்கோலை நீட்டினாள்.

"இந்தா. முடிச்ச கைதான் அறுக்கணும்."

காலனிக்காரி அதை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பாவு இழையாகப் பார்த்துப் பார்த்து அறுத்தாள். கொடி சட்டத்தை விட்டு அவள் கையில் விழுந்தது. வேறொரு கோஷ்டி தைத்து வைத்திருந்த நீலச் சக்கரத்தை நான் வெள்ளையில் வைத்துத் தைத்தேன். தைக்கும்போது எனக்குக் கண் மறைத்ததால் இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன்.

சுவரில் மாட்டியதும் அவள் அம்மா தூரத்திலேயே நின்று, "இதுல எதுமா நீ செஞ்சது?" என்று மெல்லக் கேட்டார். அவள் வாய் திறக்குமுன் மேஸ்திரி முந்திக்கொண்டாள்.

"பச்சை பூரா அவ கைதான் ஆன்ட்டி. கிட்ட வந்து பாருங்க, தனியாத் தெரியுது."

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார்.