ஆறு இலக்க எண்ணில் இன்னொரு கமா

அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோ நகரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். எத்தியோப்பியாவிலும் ருவாண்டாவிலும் தொடக்கப் பள்ளிகளில் எத்தனை ஆண் ஆசிரியர்கள் என்று ஒப்பிட்டுப் பட்டைகள் வரைய வேண்டும். ருவாண்டாவின் எண் ஐந்து இலக்கம். அதில் இங்கும் ஊரிலும் கமா ஒரே இடத்தில்தான் விழும். எத்தியோப்பியாவின் எண் ஆறு இலக்கம். இங்கே அதற்கும் ஆயிரத்தில் ஒரே கமா, ஊரில் லட்சத்துக்கும் ஒன்று. சண்டை அதில்தான் வந்தது.

ஊரின் லெகசி பகுதியில் உள்ள அலுவலகத்திலிருந்து என் கணவர் அப்போதுதான் வந்திருந்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் தாளைப் பார்த்தார். அவள் பேனாவைப் பிடுங்கி, முதல் இலக்கத்தை அடுத்து இன்னொரு கமா போட்டார்.

"அப்பா, தட்ஸ் ராங்."

"எது ராங்? லட்சத்துக்குக் கமா வேணாமா? நாள் பூரா டேட்டாலயே உக்காந்திருக்கேன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என் பக்கம் திரும்பினார். "உங்கம்மா கமா போட்டே சம்பளம் வாங்கினவ. கேளு அவளை."

சென்னையில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். வெளிநாட்டுச் செய்திகளில் வரும் எண்களை லட்சத்துக்கு மாற்றுவது அன்றாட வேலை. இந்தத் தாளில் அவள் எழுதியதுதான் சரி என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டும் சரிதான். விடுங்க" என்றேன்.

"நோ அம்மா, இட்ஸ் நாட்." அவர் போட்ட கமாவைத் தாள் கிழியும்வரை கிறுக்கி அடித்தாள்.

"இவ ஸ்கூல்ல ஆம்பள வாத்தியாரே கிடையாது. அதான் இந்த வாய்" என்றபடி அவர் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார்.

முதல் அடி மணிக்கட்டில். இரண்டாவது விரல் முட்டிகளில். அவள் கையை இழுத்துக்கொண்டதும் மூன்றாவது அடி காதுக்குக் கீழே விளிம்போடு இறங்கியது. ருவாண்டாவின் பட்டைமேல் ரத்தம் சொட்டியது. குறுக்கே போன என்னைத் தள்ளினார், நாற்காலியோடு விழுந்தேன். பிறகு சுவரில் குத்தினார். இங்கே சுவர் வெறும் ஜிப்சம் அட்டை. கை மணிக்கட்டுவரை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அதை வெளியே இழுக்கும்வரை கெட்ட வார்த்தைகளாகக் கொட்டினார்.

மறுநாள் காலை, மகள் பள்ளிக்குப் போன சற்று நேரத்தில், பள்ளி ஆலோசகர் போன் செய்து எங்களைக் கூப்பிட்டார். முதலில் என்னிடம் மட்டும் பேச வேண்டும் என்றார். வலது கையில் கட்டுடன் கணவர்தான் கார் ஓட்டினார்.

"லேசாத் தட்டினேன்னு சொல்லு. இங்கிலீஷ்ல 'tap'னு சொல்லு, 'hit'னு சொல்லித் தொலைக்காத. ஹெச்-ஒன் விசால இருக்கோம். மூணு பேரையும் ஃபிளைட் ஏத்திடுவான்."

லேசான தடியடி என்று போலீஸ் சொன்னதை எத்தனையோ முறை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். உடைந்த மண்டையின் படம் அதே பத்தியை ஒட்டி வந்திருக்கும்.

ஆலோசகரின் அறையில் மகள் காதுக்குக் கீழே பிளாஸ்திரியுடன் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அம்மா பார்த்தாள் என்றும் சொல்லியிருக்கிறாள். அவர் லேசாகத் தட்டினார் என்று நான் சொன்னால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று ஆலோசகர் கேட்டார். மகள் தரையைப் பார்த்தாள்.

"அடிச்சார்" என்று தமிழில்தான் முதலில் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். ஸ்டீல் ஸ்கேல். மூன்று முறை. மூன்றாவது, விளிம்பால். நான் அங்கேதான் நின்றேன், அவள் சரி என்று தெரிந்தும் சொல்லவில்லை.

இன்று நீங்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று ஆலோசகர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, குழந்தைகள் பாதுகாப்புத் துறையைக் கூப்பிட மேசைத் தொலைபேசியை எடுத்தார். என் பைக்குள் போன் அதிர்ந்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்து கணவர். மகள் வீங்கிய விரல்களால் அதை வெளியே எடுத்து, திரையைப் பார்த்துவிட்டு, அணைத்தாள்.