தண்ணீர் சேராத ஆரஞ்சு கேக்

அத்தை இறந்த செய்தியைப் பந்தல்குடியிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவர்தான் எங்கள் வாசலில் நின்று சொன்னார். "ஒங்க தங்கச்சி போயிட்டாக. நெஞ்சுவலியாம்." அப்பா, "எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் உதறப் போனார். எங்கள் வீட்டிலிருந்து கேதத்துக்கு யாரும் போகவில்லை. அத்தையின் ரோட்டோரத்துச் சோடாக் கடையில் கலர் குடித்து, அவரோடு சிரித்துப் பேசிய உங்களுக்காக இதை ஒளித்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமினாலும் என் கை நின்றுவிடுகிறது.

அத்தை வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டபோது, தாத்தா கோயிலில் வைத்து எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். அத்தை வீட்டில் எங்கள் ஆட்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தாத்தா போன பிறகும் சத்தியம் இருந்தது.

பந்தல்குடிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டு, வெயில் தாங்காமல் அத்தையின் கடை நிழலில் ஒதுங்கினேன். "வாங்க மருமகளே! நெத்தியப் பாத்தாலே தெரியுதே, எங்க அண்ணன் மகள்னு" என்று செம்பில் தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. ஒரு ஆரஞ்சு கலர் பாட்டிலை எடுத்து வந்தார். "சத்தியம் ஏந் தண்ணிக்குத்தான? இது கம்பெனித் தண்ணி. ஒங் கண்ணு முன்னாலதான மூடியத் தெறக்கேன். குடிடி."

குடித்தேன். பெரியவர்கள் எல்லாம் நடுங்கிய சத்தியத்தை, அதை மீறாமலே ஒரு பாட்டிலைத் திறந்து சிறியதாக்கிவிட்டார். வாய் பிளந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் கடைக்குப் பின்னால் கேக் செய்துகொண்டிருந்தார். மைதா, சர்க்கரை, எண்ணெய், பேக்கிங் பவுடர் எல்லாம் அப்போதுதான் பிரித்த பாக்கெட்டுகள்.

"முட்டை போடலையா அத்தை?"

"முட்டை எங்க கோழியோடது. பாலு எங்க மாட்டோடது. ஒங்கப்பா திங்கணுமா வேணாமா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாத்திரத்தைக்கூட அவர் சோடா ஊற்றித்தான் கழுவியிருந்தார். மாவில் ஆரஞ்சு கலரை ஊற்றியதும் அது 'உஸ்' என்று பொங்கியது. "நொரை அடங்குறதுக்குள்ள அடுப்புல ஏத்திரணும்" என்று மாவைத் தட்டில் ஊற்றி, அவசரமாகச் சூடான மணல் சட்டிக்குள் இறக்கி மூடினார். மூடியைத் திறந்தபோது, கேக் தட்டு விளிம்பைத் தாண்டி எழும்பி நின்றது. அவர் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டும் அதில் இல்லை.

அன்று நான் அதைப் பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விவரம் சொன்னதும், அம்மா தட்டில் வைத்தாள். "மெத்துன்னு இருக்கே, எங்கிட்டு வாங்குனது?" என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்க்காமலே, "பேக்கரியில" என்றாள். அப்பா இன்னொரு துண்டு எடுத்தார்.

மறுநாள் அத்தையிடம் சொன்னேன். லாரிக்காரர் ஒருவருக்கு சோடா உடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "இன்னொரு துண்டா? எங்கண்ணனா? அவுகளே எடுத்தாகளா?"

"அவுகளே எடுத்தாக அத்தை."

"யக்கா, சோடா!" என்றார் லாரிக்காரர். அத்தை காதில் விழவில்லை. சிரித்துச் சிரித்துக் காலி கிரேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாஞ் செஞ்சதுன்னு அவுகளுக்கு ஒரு நா தெரியணும்டி. வைஞ்சா வைஞ்சிட்டுப் போறாக" என்றார்.

அப்பாவுக்குத் தெரியாமலே அத்தை போய்விட்டார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அடுப்படியில் நானே அந்தக் கேக்கைச் செய்யப் போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் மைதாவை எடுத்து முன்னால் வைத்தாள். அத்தையிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தக் கைப்பக்குவமும் அவர் பெயரும்தான். யார் சொல்லிக் கொடுத்தது என்று அப்பா நிச்சயம் கேட்பார். செல்வராணி அத்தை என்று சொல்லுவேன். அடி விழலாம். ஆனால் அதற்குள் அப்பா ஒரு துண்டாவது விழுங்கியிருப்பார்.